பழைய கதவுக் குமிழ் சுற்றுகிறது, பூட்டின் நாக்கு அசையவில்லை: உதவி தேவை

மரக்கதவு: அவசரம். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். அறைக் கதவின் குமிழைத் திருப்பினால் சும்மா சுற்றுகிறது, நாக்கு உள்ளே போகவில்லை. எல்லாவற்றின் மேலும் பெயிண்ட் வேறு. தச்சர் புதுப் பூட்டு போடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

நாதாங்கி: பூட்டு கதவின் மேல் பெட்டியாகத் திருகப்பட்டிருக்கிறதா, மரத்தைக் குடைந்து உள்ளே இறக்கியதா? குமிழ் பித்தளையா? படம் போடுங்கள்.

எண்ணெய்க்கிண்ணம்: எண்ணெய் விட்டுப் பாருங்கள். பழைய பூட்டு என்றாலே உள்ளே காய்ந்துபோயிருக்கும்.

பழம்பூட்டு: இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்பது நல்ல வழக்கம். எண்ணெய் விடாதீர்கள். அது தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும். பூட்டுக்குப் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டின் தூள்தான் சரி. ஆனால் குமிழ் எதிர்ப்பே இல்லாமல் சுற்றுகிறது என்றால், உலர்ந்துபோனது காரணமே இல்லை. நாக்கை விரலால் அழுத்துங்கள். தானாக வெளியே வந்தால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. அப்போது குற்றவாளி, இரண்டு குமிழ்களையும் இணைக்கும் சதுரக் கம்பி.

நாதாங்கி: அல்லது குமிழைக் கம்பியில் பிடித்திருக்கும் சின்னத் திருகு தளர்ந்திருக்கலாம். குமிழின் கழுத்தில், பெயிண்டுக்கு அடியில் மறைந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

மரக்கதவு: மரத்துக்குள் இறக்கிய பூட்டு. நாக்கு அழுத்தினால் திரும்பி வருகிறது. குமிழைக் கழற்றப் போனால் திருகின் வெட்டே தெரியவில்லை.

பழம்பூட்டு: கூர்மையான கத்தி முனையால் வெட்டிலுள்ள பெயிண்டைச் சுரண்டுங்கள். வெட்டின் நீளத்துக்கும் தடிப்புக்கும் சரியாகப் பொருந்தும் திருப்புளியை மட்டும் எடுங்கள்; சிறியது வழுக்கித் தலையைக் கெடுத்துவிடும். குமிழுக்கு அடியில் கதவோடு ஒட்டியிருக்கும் தகட்டைச் சுற்றிப் பெயிண்ட் விளிம்பில் முதலில் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் கதவின் பெயிண்ட் ஏடு ஏடாகப் பிய்ந்து வரும். பூட்டின் உறையைத் திறக்க நேர்ந்தால் மெல்லத் தூக்குங்கள், ஸ்பிரிங் துள்ளும். எதையும் அசைக்கும் முன் படம் எடுங்கள்.

சாவித்துளை: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம். கழற்றிய தகட்டையும் குமிழையும் சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் பெயிண்ட் தளர்ந்து உரியும். அந்தப் பாத்திரத்தில் இனிச் சமைக்காதீர்கள்.

பளபளப்பு: பெயிண்ட் போனதும் வினிகரில் போட்டு எடுங்கள், பொன் போல மின்னும்!

சாவித்துளை: வினிகர் வேண்டவே வேண்டாம். நேரம் தப்பினால் பித்தளையின் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து, செம்பின் இளஞ்சிவப்பு தெரியும். மெருகேற்றுவதானாலும் முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். தேய்க்கத் தேய்க்க முலாமே போய்விடும்.

பளபளப்பு: பல வருடங்களாகப் பித்தளை மெருகேற்றுகிறேன். கறுத்த குமிழை யார் விரும்புவார்கள்?

சாவித்துளை: நான் விரும்புகிறேன். எத்தனையோ கைகள் பட்டு வந்த நிறம் அது. ஒரே மாலையில் தேய்த்து அழித்துவிட்டால் திரும்ப வராது.

பழம்பூட்டு: மெருகா கறுப்பா என்ற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கதவு திறக்கவில்லை.

எண்ணெய்க்கிண்ணம்: கீல்களுக்காவது எண்ணெய் விடலாம் அல்லவா?

பழம்பூட்டு: கீல்களுக்கு விடலாம், ஒரு துளி.

மரக்கதவு: கழற்றிவிட்டேன். கம்பியின் முனைகள் தேய்ந்து உருண்டையாகிவிட்டன. இப்போதைக்கு மெல்லிய பித்தளைத் தகட்டை அதன் மேல் மடித்துப் போட்டதும் நாக்கு நகர்கிறது. காந்தம் குமிழில் ஒட்டவில்லை.

நாதாங்கி: நல்லது. அதே தடிமனில் புதுச் சதுரக் கம்பி போட்டுவிடுங்கள், தகடு நாளடைவில் நழுவும். பழைய கம்பியையே அளவுக்கு எடுத்துச் செல்லுங்கள். தேயாத நடுப்பகுதியை அளக்க வேண்டும். பூட்டுக்குள் கம்பி நுழையும் துளையும் அகன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

பளபளப்பு: அப்படியானால் உள்ளே இரும்பு இல்லை! மெருகேற்றத்தானே போகிறீர்கள்?