யோகோ கன்னோவுக்கு எல்லா பாணியும் வரும். அவருடைய பாணி எது?

கடற்கரைவாசி:
ஜப்பானிய இசையமைப்பாளர் யோகோ கன்னோவை மேதை என்று சொல்லாத அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகரே இல்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேக்ராஸ் பிளஸுக்கு (1994) இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து பிரம்மாண்ட ஆர்க்கெஸ்ட்ரா. கவ்பாய் பீபாப்புக்கு (1998) பிக் பேண்ட் ஜாஸ். கோஸ்ட் இன் தி ஷெல் தொடருக்கு (2002) எலக்ட்ரானிக் தாளமும் ரஷ்ய மொழிப் பாட்டும். பெயரை மறைத்து மூன்றையும் போட்டால் ஒரே ஆள் செய்தது என்று யார் கண்டுபிடிப்பார்கள்? மற்ற அனிமே இசையமைப்பாளர்களில் யூகி கஜியூராவை இரண்டு நொடியில் பிடித்துவிடலாம், ஜோ ஹிசைஷியையும்தான். கன்னோ கேட்டதைச் செய்துகொடுக்கும் கெட்டிக்காரர், அவ்வளவே.

நள்ளிரவு ஓஎஸ்டி:
கேட்டதைச் செய்துகொடுப்பவரா? பீபாப் இயக்குநர் வத்தனாபே பேட்டியில் சொன்னது நேர் எதிர். அவர் கேட்காத பாட்டுகளை எல்லாம் கன்னோ தானாகவே எழுதிக்கொண்டு வருவாராம், அதைக் கேட்டு இவர் புதுக் காட்சிகளை யோசிப்பாராம்.

ஐந்தாவது எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் ஸ்பைக் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறான். வேறு யாராக இருந்தாலும் டிரம்ஸும் பிராஸும் அலறியிருக்கும். இங்கே வருவது 'கிரீன் பேர்ட்', எந்த ஊர் மொழி என்றே தெரியாத சொற்களில் மெல்லிய கோரஸ். பாடியவர் கேப்ரியேலா ராபின். அது தான்தான் என்பதை 2009 சைத்தாமா கச்சேரியில்தான் கன்னோ போட்டு உடைத்தார். சொந்தக் குரல் இல்லாதவராம்!

எட்டுபிட்:
இரண்டு பேரும் தொண்ணூறுகளிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அவர் ஆரம்பித்தது கோயெய் நிறுவனத்தின் கணினி விளையாட்டுகளில். 1985-இல் 'சங்கோகுஷி', அப்புறம் நொபுனாகா வரிசை, 1990-இல் 'டைகோகாய் ஜிடாய்'. அந்தக் காலத்து ஒலிச் சிப்பில் ஒரே நேரத்தில் சில சுரங்கள்தான் ஒலிக்கும். பிராஸ் கிடையாது, கோரஸ் கிடையாது, பெரிய பாடகர் யாரும் வந்து காப்பாற்ற மாட்டார். மெட்டுதான் நிற்க வேண்டும். அதுவும், பக்கத்து மாகாணத்தை எப்படிப் பிடிப்பது என்று ஆட்டக்காரர் அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, திரும்பத் திரும்ப ஓடினாலும் சலிக்கக் கூடாது. அங்கே படித்த பாடம் அவரை விட்டுப் போகவே இல்லை என்பது என் கட்சி. வாத்தியங்களில் அவரைத் தேடாதீர்கள், மெட்டு முடியப்போகிறது என்று நாம் நினைக்கும் இடத்தில் அது எங்கே தாவுகிறது என்று பாருங்கள். மாயா சாகாமோட்டோ பாடிய எஸ்காஃப்ளோன் தொடக்கப் பாட்டிலேயே (1996) இது இருக்கிறது.

கடற்கரைவாசி:
எஸ்காஃப்ளோனுக்கு ஹஜிமே மிசோகுச்சியும் இசையமைப்பாளர், அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்? கோஸ்ட் இன் தி ஷெல்லின் 'இன்னர் யூனிவர்ஸ்' நிற்பது ரஷ்யப் பாடகி ஒரிகாவின் குரலில், பீபாப்பின் 'டேங்க்!' நிற்பது சீட்பெல்ட்ஸ் இசைக்குழுவின் வாசிப்பில். புகழ் முழுக்க ஒருவருக்கே போகிறது.

நள்ளிரவு ஓஎஸ்டி:
அந்தக் குரலுக்கு அந்த மெட்டைப் போட்டது யார் பாஸ்?

சும்மா எட்டிப்பார்த்தேன்:
அனிமே பார்க்காத ஜப்பானியர்களுக்கும் அவரைத் தெரியும். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே கொண்டுவந்த 'ஹனா வா சாகு' பாட்டு அவர் மெட்டு. பாதிக்கப்பட்ட மியாகி மாகாணம்தான் அவருக்குச் சொந்த ஊர், வரிகள் எழுதிய ஷுன்ஜி இவாய்க்கும் அதே. பேரரசர் நருஹிதோ பட்டமேற்றதைக் கொண்டாடிய 2019 விழாவிலும் அரஷி குழு பாடியது கன்னோ இசையைத்தான்.

கடற்கரைவாசி:
சரியாப் போச்சு. அரண்மனை கேட்டால் அரண்மனை இசை. இதைத்தானே நானும் சொல்கிறேன்?

எட்டுபிட்:
வாதம் வேண்டாம். 'ஹனா வா சாகு'வை வெறும் பியானோவில் கேளுங்கள், கையோடு பழைய கோயெய் மெட்டு ஒன்றையும் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு ஆள் போட்டது என்று தோன்றினால் வந்து திட்டுங்கள்.

கடற்கரைவாசி:
கேட்கிறேன். மேக்ராஸ் பிளஸில் அடிக்கும் பழைய ஹாலிவுட் வாடைக்கு என்ன பதில் என்பதையும் அதற்குள் யோசித்து வையுங்கள்.