பெத்லகேம் நட்சத்திரத்தை வைத்து இயேசு பிறந்த வருஷத்தைச் சொல்ல முடியுமா?

களியக்காவிளைக்காரன்:
மாமரத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டும்போது பையன் கேட்டான், "இயேசு பிறந்தப்ப இப்படி ஒண்ணு நிஜமாவே வந்ததாப்பா?" முழித்தேன். இயேசு பிறந்தபோது யூதேயாவை ஆண்டதாக பைபிள் சொல்லும் ஏரோது ராஜா கி.மு. 4-லேயே செத்துவிட்டானாம், அப்படியென்றால் இயேசு பிறந்தது கி.மு.விலா?

ஓய்வு வாத்தியார்:
ஆமாம் தம்பி, அதில் விசித்திரம் ஒன்றுமில்லை. கி.பி. கணக்கைப் போட்டது 6-ஆம் நூற்றாண்டில் டயோனீசியஸ் என்ற துறவி, அதில் சில வருஷம் பிசகு. ஏரோது சாவதற்குக் கொஞ்சம் முன்பு சந்திர கிரகணம் வந்தது, பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு முன் செத்தான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 4 மார்ச் 13 கிரகணம் அதற்குப் பொருந்துகிறது. கி.மு. 1 ஜனவரி கிரகணம்தான் அது என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

வானம்பார்த்தான்:
நட்சத்திரத்துக்கு வருவோம். கி.மு. 7-இல் வியாழனும் சனியும் மீன ராசியில் மூன்று தடவை நெருங்கின, வானியலாளர் கெப்ளரே இதைக் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் இடைவெளி ஏறக்குறைய 1 டிகிரி, அதாவது இரண்டு முழுநிலா அகலம்! 2020 டிசம்பர் 21 அன்று அதே இரண்டு கிரகமும் நெருங்கியதை தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் நின்று பார்த்தேன், அது கி.மு. 7-ஐவிடப் பத்து மடங்கு நெருக்கம், அப்போதும் எனக்கு இரண்டாகத்தான் தெரிந்தது. கி.மு. 5-இல் சீனர்கள் 70 நாளுக்கு மேல் பார்த்ததாகக் குறித்த வால்நட்சத்திரம் எனக்கு அதைவிடத் தேவலை.

ஓய்வு வாத்தியார்:
இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா சுவிசேஷம் சொல்லும் குடிமதிப்பை (மக்கள்தொகைக் கணக்கெடுப்பை) மறந்துவிட்டீர்களே? ரோமானிய ஆளுநர் சிரேனியு அதை எடுத்தது கி.பி. 6-இல். ஏரோது போய் ஒன்பது வருஷம் கழித்து. முடிச்சு அங்கேதான்.

களியக்காவிளைக்காரன்:
சரி அண்ணாச்சி, பையனிடம் வால்நட்சத்திரத்தையே சொல்கிறேன். இப்போது ஸ்டாருக்கு வால் ஒட்டச் சொல்வான்.