பயோகன்டெய்ன்மென்ட்: உயிர்வேலியா, பூட்டா, தளையா?

மரபணு மாற்றிய நுண்ணுயிர் வெளியே தப்பிப் பிழைத்துப் பரவாமல் தடுப்பதுதான் பயோகன்டெய்ன்மென்ட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது வாசகர் ஒருவர் கேட்டவையும் என் பதில்களும்:

> ‘உயிர்வேலி’ எனலாமே? நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலுங்க அய்யா. காங்கயம் பக்கம் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி நிற்கிற கிளுவைச் செடிக்கு அந்தப் பெயர் போய்விட்டது. தவிர, வேலி வெளியே நிற்பது. மூடிய நொதிகலன், காற்று வடிகட்டி, கழிவை 121 டிகிரியில் அவிக்கும் கலன் எல்லாம் வேலிதான். ‘புற அடைப்பு’ போதும். நாம் பேசுவது பாக்டீரியாவின் மரபணுவிலேயே போடுகிற கட்டு. மேய்கிற மாட்டுக்கு முன்னங்காலில் போடுவோமே, அது. ‘மரபுத்தளை’ என்கிறேன். டயமினோபிமெலிக் அமிலம் ஊட்டினால்தான் செல்சுவர் கட்டும்படி இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை மாற்றினால் ‘தீனித்தளை’. வெளியே தப்பினால் நச்சுப்புரதம் சுரந்து செல்லையே கொல்லும் கில் ஸ்விட்சுக்கு ‘சாவுத்தளை’.

> ‘உயிர்ப்பூட்டு’ என்றால் மக்களுக்கு நம்பிக்கை வரும்.

அதற்காகவே வேண்டாமுங்க. தளை அறுந்துபோகும். சாவுத்தளையின் நச்சுப்புரத மரபணு செல்லுக்குப் பாரம். அதில் ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறிப் பழுதான செல் மற்றவற்றை முந்திப் பெருகும். மறுவளர்ப்பு செய்யச் செய்யப் பழுதானதே மிஞ்சும். தீனித்தளை அறுவது வேறு விதம்: அதே அமிலம் வேறு பல பாக்டீரியாக்களின் செல்சுவரிலும் உண்டு, சாக்கடையில் ஓசியில் கிடைத்துவிடலாம். இயற்கையில் இல்லாத அமினோ அமிலத்தை நம்பி வாழும் இ.கோலையை 2015இல் உருவாக்கியது இதனால்தான்.

அறுவதை அளக்க, தீனித்தளை போட்ட 100 கோடி செல்லை அந்தத் தீனி அமிலம் சேர்க்காத தட்டில் பரப்பி, முளைத்த கூட்டங்களை எண்ணுவார்கள். 10 முளைத்தால் 10 கோடிக்கு 1. இது ‘அறுவீதம்’. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் (என்.ஐ.எச்.) நெறிமுறை இதற்கும் கீழே கேட்கிறது. கேட்க நல்ல எண். ஆனால் மில்லிக்கு 100 கோடி செல் வளர்ந்த 1000 லிட்டர் கலனில் தளை அறுத்தவை 1 கோடி இருக்கும். அவிக்காமல் நொய்யல் ஆற்றில் விட்டால்?

மரபணு மாற்றிய உயிர்கள் பற்றிய இந்தியாவின் 1989 விதிகளின்படி அமைந்த நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் முன் ‘பூட்டு இருக்கிறது’ என்று விண்ணப்பம் வந்தால் பேச்சு அங்கேயே முடியும். ‘தளை’ என்றால் வீதம் எவ்வளவு என்று கேட்டாக வேண்டும்.

> ‘அறுவீதம்’ ஆறு சதவீதம் என்று படிக்கிறதே! தளை வேறு யாப்பில் இருக்கிறது.

முதலாவது சரியான பிடி. ‘அறுபடு வீதம்’ என்று திருத்திக்கொள்ளலாமுங்க. யாப்புத்தளை இருந்துவிட்டுப் போகட்டும், அங்கேயும் தளை தட்டத்தான் செய்கிறது. ‘சாவுத்தளை’தான் எனக்கே உறுத்துகிறது: கட்டுவதல்ல, கொல்வது. வேறு சொல் இருந்தால் எழுதுங்க.