குடும்ப ஜெபக் குழு: ரோமர் 13உம் ஒரு சால்வையும்

ஓசூர் அண்ணன்: இன்று எங்கள் சபையில் சுதந்திர தின வாரச் செய்தி. ரோமர் 13, ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய பகுதி. முன்வரிசையில் ஒரு கட்சிக்காரர். செய்தி முடியுமுன்பே பாஸ்டர் அவரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டுவிட்டார். ஆளுகிறவர்களைக் குறை பேசுவதே பாவமாம்.

பென்னாகரம் சித்தப்பா: வேதத்தில் இருப்பதைத்தானே தம்பி சொன்னார்?

ஓசூர் அண்ணன்: பவுல் அதை எழுதும்போது ரோமை ஆண்டவன் நீரோ, சித்தப்பா. கீழ்ப்படியச் சொன்னார், சரி. சால்வை போடச் சொன்னாரா?

நான்: 😂😂

கோவிலூர் அத்தை: கத்தோலிக்கரான எங்களுக்கு ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாளும்கூட. பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே கொடியேற்றி, பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய். அன்று வாசிக்கிற நற்செய்தியில் மாதாவே பாடுகிறாள்: "வலியோரை அரியணையினின்று தூக்கி எறிந்துள்ளார்." ஃபாதர் அதை வைத்துக்கொண்டு, ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லெல்லாம் கறை பிடித்த பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். ஒரு கட்சிப் பெயர் வரவில்லை. ஆனால் உறைக்க வேண்டியவர்களுக்கு உறைத்திருக்கும்.

பென்னாகரம் சித்தப்பா: உங்களுக்குப் பின்னால் ஆயர், மறைமாவட்டம் என்று பெரிய நிர்வாகம் இருக்கிறது அக்கா. சின்ன சபைக்கு யார் இருக்கிறார்கள்? கல்லறைக்குச் சுற்றுச்சுவர் வேண்டுமென்றாலும் கட்சிக்காரர்களிடம்தான் போக வேண்டும். கிறிஸ்தவர்களான நமக்கு நாட்டுப்பற்று இல்லை என்று வேறு பேசுகிறார்கள். கொஞ்சம் உரக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பெரியப்பா: உரக்கச் சொல்லட்டும். யாருக்காகச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. 1930இல் உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது, சட்டமறுப்பு கிறிஸ்துவின் வழிக்கு ஒவ்வாது என்றார் கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட். நம் தஞ்சாவூர்க்காரர், காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, அவரும் கிறிஸ்தவர்தான், பதில் கடிதம் எழுதி வாதாடினார். அப்புறம் ஜெயிலுக்கும் போனார். கீழ்ப்படியுங்கள் என்ற உபதேசம் அன்று இங்கிலாந்து ராஜாவுக்கு உதவியது, இன்று இந்தச் சால்வைக்காரருக்கு. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவருக்கே பொருந்துகிற செய்தியை வரவேற்புரை என்று சொல்லலாம், பிரசங்கம் என்று சொல்லாதே.

நான்: சட்டத்திலும் இடமில்லை பெரியப்பா. வழிபாட்டுத் தலத்தில் தேர்தல் பிரசாரம் கூடாது என்று தேர்தல் நடத்தை விதியே இருக்கிறது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(3) பிரிவு: வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் முறைகேடு. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வில் நான்கு பேர், ஓட்டுப் போடுகிறவரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்றார்கள்.

பென்னாகரம் சித்தப்பா: இப்போது தேர்தலா நடக்கிறது? அவர் ஓட்டா கேட்டார்?

நான்: கேட்கவில்லைதான். சால்வையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கோவிலூர் அத்தை: சுவர் வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கட்டும். அது நம் உரிமை. அதற்கு எதற்கு மேடையும் மைக்கும்?

பென்னாகரம் சித்தப்பா: எத்தனை திங்கட்கிழமை அலைய வேண்டும் என்று தெரியுமா அக்கா உங்களுக்கு?

ஓசூர் அண்ணன்: புதன் ஜெபக் கூட்டம் முடிந்ததும் பாஸ்டரிடம் தனியாகப் பேசுகிறேன். மனுவை நானே எழுதித் தருகிறேன் என்றும் சொல்கிறேன்.

பென்னாகரம் சித்தப்பா: பணிவாகப் பேசு தம்பி. உன் அப்பா இங்கே சொன்ன குமரப்பா கதையை மட்டும் அங்கே எடுத்துவிடாதே.

பெரியப்பா: ஏன், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் 😄