42 கிலோ ஆளுக்கு வீட்டிலேயே அலைச்சறுக்குப் பலகை: அளவை எப்பிடிக் குறைக்கிறது?

பருத்தித்துறை_அலை:
வணக்கம். தங்கச்சிக்கு ஒரு பலகை வீட்டிலையே செய்யப்போறன். ஆள் 4 அடி 10 இஞ்சி உயரம், 42 கிலோ. இப்ப 8 அடி மென்பலகை பாவிக்கிறா. உடையாத அலையைப் பிடிச்சு எழும்பி நேரா ஓடுவா, ஆனால் திருப்ப ஏலாமல் இருக்கு. 22 இஞ்சி அகலத்துக்குக் கையும் எட்டாது, தலையில வைச்சுத்தான் கொண்டு போறா.

சிநேகிதன் ஒருத்தன்ர பலகை அளவு இருக்கு: 7 அடி நீளம், 21 இஞ்சி அகலம், 2¾ இஞ்சி தடிப்பு. அவன் 70 கிலோ, 5 அடி 8 இஞ்சி. அதை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில சுருக்கினால் சரிவருமோ? ரிஜிபோமில (தெர்மோகோல் எண்டு சொல்லுற வெள்ளை நுரை) செதுக்கிப்போட்டு, ரெசினும் பைபர் மெட்டும் (கண்ணாடி நார்ப் பாய்) வள்ளம் ஒட்டுற ஆக்களிட்டை வாங்கலாமெண்டு யோசினை. மாரிக்கு வடமராட்சி கிழக்கில, மே மாதத்துக்குப் பிறகு அறுகம்பையில பாவிக்கிறதுக்கு.

சீவுளி:
சுருக்கலாம், ஆனால் ஒரே விகிதத்தில வேண்டாம். கணக்கைப் பாருங்கோ. இரண்டு பேரின்ர உயர விகிதம் 0.85. சிநேகிதன்ர பலகை அளவை அதால பெருக்கினால் 5 அடி 11½, அகலம் 17⅞, தடிப்பு 2⅜ எண்டு வரும். கனவளவு 0.85 × 0.85 × 0.85, அதாவது 0.61 மடங்கு. 42 கிலோ 70 கிலோவின்ர 0.6 மடங்கு. அதால மிதப்புக் கணக்கில பிழை இல்லை. பிழை வேற இடத்தில: ஆள் சின்னன் எண்டதுக்காக அலை சின்னனாகாது. அலையை எட்டிப் பிடிக்கிற வேகம் வேணுமெண்டால் அடிப்பக்கத்துத் தட்டைப் பரப்பு வேணும். 17⅞ அகலம் பழகிற ஆளுக்குத் தளம்பும்.

அதே கனவளவை வேற மாதிரிப் பங்கிடுங்கோ: நீளம் 6 அடி, அகலம் 19, நடுத்தடிப்பு 2¼. மூண்டையும் பெருக்கி, அதை 0.55 ஆலயும் பெருக்கி (இப்பிடியான வடிவத்துக்கு அந்தளவு வரும்) லீற்றருக்கு மாத்தினால் கிட்டத்தட்ட 27½ லீற்றர். கிலோவுக்கு 0.65 லீற்றர். எழும்பி ஓடப் பழகி, திருப்பத் தொடங்கிற ஆளுக்கு அது அளவு. நல்லா ஓடத் தெரிஞ்ச ஆள் எண்டால் 0.5 ஓ அதுக்குக் கீழையோ போகலாம், இப்ப வேண்டாம்.

இனி முக்கியமான இடம் விளிம்பு. பாரம் குறைஞ்ச ஆளுக்குப் பலகை திரும்பாததுக்கு நீளம் மட்டும் காரணமில்லை. தடிச்ச விளிம்பை அவவின்ர பாரம் தண்ணிக்குள்ள அமத்தாது, பலகை தக்கை மாதிரி மேல துள்ளும். அதால தடிப்பு முழுக்க நெஞ்சுக்குக் கீழ நடுவில இருக்கட்டும். மேல்தளத்தை நடுவிலையிருந்து விளிம்புக்குச் சரிவா இறக்குங்கோ. நடு 2¼ எண்டால், விளிம்பிலையிருந்து 2 இஞ்சி உள்ளுக்குத் தடிப்பு 1½ க்கு மேல நிக்கக்கூடாது. மேல்தளத்தைத் தட்டையா விட்டு, விளிம்பைப் பெட்டி மாதிரி விட்டால் 27 லீற்றர் எண்டாலும் 35 லீற்றர் பலகை மாதிரித்தான் நடக்கும். கனபேர் பிழைவிடுறது இதிலதான்.

மற்ற அளவுகள்: மூக்கு நுனியிலையிருந்து 12 இஞ்சியில அகலம் 12¾, வாலிலையிருந்து 12 இஞ்சியில 14. அதுக்கு மேல வாலை அகட்டாதேங்கோ. சின்னப் பாதத்துக்கு ஒரு விளிம்பிலையிருந்து மற்ற விளிம்புக்குப் பாரம் மாத்திறது கஷ்டமாகும். மூக்கு ரொக்கர் (நுனி மேல வளையிற உயரம்) 4¼, வால் ரொக்கர் 2. அடிப்பக்கம் தட்டை, கடைசி 18 இஞ்சியில மட்டும் ⅛ இஞ்சி வீ (நடு மேடா, இரண்டு பக்கமும் சரிவா). அடி விளிம்பு வாலிலையிருந்து 14 இஞ்சி வரைக்கும் கூர், மிச்சம் மழுங்கல். வால் சதுரமோ வட்டமோ எண்டு சனம் சண்டை பிடிக்கும். இந்த அலைக்கும் இந்தப் பாரத்துக்கும் அதில பெரிய வித்தியாசம் தெரியாது.

வெட்டிறதுக்கு: 0.5 மில்லிமீற்றர் நைக்ரோம் கம்பி 60 சென்ரிமீற்றர், 12 வோல்ற் பற்றரி. கிட்டத்தட்ட 3½ அம்பியர் இழுக்கும், அது காணும். கம்பி சிவக்கக்கூடாது. சிவந்தால் ரிஜிபோம் வெட்டுப்படாமல் உருகிக் குழியாகும். பக்கப் பார்வை வடிவத்தைப் பிளைவூட்டில இரண்டு வெட்டி, கட்டியின்ர இரண்டு பக்கமும் ஆணி குத்தி, கம்பியை அதுக்கு மேல மெதுவா இழுங்கோ. 6 இஞ்சித் தடிப்புக் கட்டி வேணும். தகட்டை ஒட்டிச் சேர்த்தால் கம்பி பசைக்கோட்டில தடக்குப்படும். வெள்ளைப் பசை உள்ளுக்குக் காத்துப் படாமல் ஈரமாவே கிடக்கும், ரப்பர் பசை ரிஜிபோமைத் தின்னும். வெளியிலை வைச்சு வெட்டுங்கோ, அந்தப் புகை நல்லதில்லை.

வெட்டின பிறகு வெளிவடிவத்தை அரை ரெம்பிளேற்றால (நீளவாக்கில பாதி வடிவத்துக்கு வெட்டின அச்சுத் தகடு) கீறுங்கோ, இரண்டு பக்கமும் ஒரே தகடு. முழு ரெம்பிளேற் வெட்டினால் இடம் வலம் ஒத்துவராது. சீவேக்கை மணி மணியா பிடுங்குப்படும்; கூர் மழுங்கின சீவுளி அதுக்குக் காரணம். 60, 80, 120 அரத்தாளை மரக்கட்டையில சுத்தித்தான் தேய்க்கோணும். வெறுங்கையால தேய்ச்சால் விரல் தடத்துக்கு ஒரு பள்ளம் விழும். குழல் விளக்கைப் பக்கவாட்டில பலகையின்ர உயரத்துக்கு வைச்சால் மேடு பள்ளமெல்லாம் நிழலாத் தெரியும்.

கனவளவு சரியோ எண்டு பார்க்க ஒரு வழி: மிச்சக் கட்டியில 10 சென்ரிமீற்றர் கனசதுரம் ஒண்டு வெட்டிச் சமையல் தராசில நிறுங்கோ. 22 கிராம் காட்டினால் அது லீற்றருக்கு 22 கிராம். செதுக்கின பலகையை நிறுத்து 22 ஆல பிரியுங்கோ. நடுக்கட்டை (பலகையின்ர நடுவால நீளத்துக்குப் போற மரச்சட்டம்) ஒட்டியிருந்தால் முதலே அதை நிறுத்துக் கழியுங்கோ. 605 கிராம் எண்டால் 27½ லீற்றர். கனசதுரம் 15 கிராமுக்குக் கீழ எண்டால் அது பெட்டிக்குள்ள வைக்கிற ரிஜிபோம், முழங்காலுக்கே அமுங்கும், விடுங்கோ.

ரெசின்_வாளி:
வடிவம் சீவுளி அண்ணை சொன்ன மாதிரி. நான் ரெசினைப் பற்றி மட்டும்.

வள்ளம் ஒட்டுற ரெசினை ரிஜிபோமில ஊத்தாதேங்கோ. அது பொலியெஸ்டர், அதுக்குள்ள இருக்கிற ஸ்ரைரீன் ரிஜிபோமைக் கரைக்கும். கொஞ்ச நேரத்தில பலகையில கிணறு. ரிஜிபோமுக்கு எப்பொக்சிதான். வர்ணமும் அப்பிடித்தான்: ஸ்பிரே கான் வேண்டாம், தண்ணி வர்ணம் மட்டும்.

மெட்டும் வேண்டாம். சதுர மீற்றருக்கு 450 கிராம் மெட் கிட்டத்தட்ட ஒரு கிலோ ரெசின் குடிக்கும். அதோட மெட்டில நாரை ஒட்டி வைச்சிருக்கிற பசை ஸ்ரைரீனில கரையிறதுக்கெண்டு போட்டது. எப்பொக்சியில அது கரையாமல் விறைச்சு நிக்கும், விளிம்பில மடியாது. நெய்த துணி, சதுர மீற்றருக்கு 135 கிராம் எடுங்கோ. அடியில ஒரு படை, மேல இரண்டு படை காணும். மூண்டு படைக்கும் விளிம்பு மடிப்போட 2½ சதுர மீற்றர். வீணாகிறதையும் மேற்பூச்சையும் சேர்த்து எப்பொக்சி ஒண்டரைக் கிலோ வாங்குங்கோ. எல்லாம் முடிய 2½ கிலோ அளவில நிக்கோணும். 4 கிலோ வந்தால் துணியில ரெசின் மிதக்குது எண்டு அர்த்தம், மிச்சத்தை ஸ்குவீஜியால (ரப்பர் வழிப்பான்) இழுத்து எடுக்கேல்லை.

வள்ளம் ஒட்டிப் பழகினவைக்கு இன்னொரு பழக்கம் இருக்கு: கெதியா இறுக ஹாட்னரை (ரெசினை இறுக்கிற திரவம்) கூட விடுறது. பொலியெஸ்டரில 1 சதவீதம், 2 சதவீதம் எண்டு மாத்தலாம். எப்பொக்சியில போத்தலில போட்ட விகிதம் விகிதம்தான். கூடினாலும் குறைஞ்சாலும் பலகை காலத்துக்கும் பிசுபிசுத்துக் கிடக்கும். தராசில நிறுத்து, கோப்பையின்ர ஓரமும் அடியும் வழிச்சு, 3 நிமிசம் கலக்குங்கோ. எங்கட வெக்கைக்கு மெதுவான ஹாட்னர். ஒருமுறைக்கு 200 கிராமுக்கு மேல கலக்காதேங்கோ. கலந்த உடனை பலகையில ஊத்திப் பரப்புங்கோ. கோப்பைக்குள்ள விட்டால் தன்ர சூட்டிலையே கொதிச்சுப் புகைக்கும்.

நேரம்: பின்னேரம் நாலு, ஐஞ்சு மணிக்குப் பிறகு. காலமை தொடங்கினால் வெயில் ஏற ரிஜிபோமுக்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு ஈர ரெசினுக்குள்ளால குமிழி குமிழியா வெளிக்கிடும், ஒவ்வொரு குமிழியும் தண்ணி போற ஓட்டை. பின்னேரம் சூடு இறங்கேக்கை அந்தக் காத்துச் சுருங்கி ரெசினை உள்ளுக்கு இழுக்கும். துணி போட முதல் மைக்ரோபலூன் (பாரமில்லாத நுண்குமிழித் தூள்) கலந்த எப்பொக்சியை மெல்லிசா வழிச்சு மணி இடைவெளியை அடையுங்கோ. சுவர்ப் புட்டி பூசாதேங்கோ, பாரம், பிறகு துணியோட சேர்ந்து உரிஞ்சு வரும்.

மழை நாளில ஒட்டினால் மேல வழுவழுப்பா ஒரு படலம் வரும். தேய்க்க முதல் தண்ணியும் ஸ்கொட்ச்பிரைட்டும் போட்டுக் கழுவுங்கோ. கழுவாமல் அடுத்த படை போட்டால் பிடிக்காது. கடும் நிறம் வேண்டாம், வெள்ளைதான். கறுப்புப் பலகையைத் தகரக் கொட்டிலுக்குள்ள மத்தியானம் விட்டால் துணி கொப்புளமா எழும்பும்.

சோழகம்:
எப்பொக்சி கிடைக்காட்டி வேற வழி ஒண்டு. அறுகம்பைப் பக்கம் முறிஞ்ச நீளப் பலகை விலைக்கு வரும். அனேகம் பொலியூரித்தேன் நுரை, அதுக்குப் பொலியெஸ்டர் ஒத்துவரும். 9 அடி முறிஞ்சால் நீளமான துண்டில 5 அடி 8 இஞ்சி எடுக்கலாம், சின்ன ஆளுக்கு அது காணும். பழைய துணியை விளிம்பால கிளப்பி உரியுங்கோ. அந்த நுரையில வெளித்தோல் இறுக்கம், உள்ளுக்குப் போகப் போக மெது. ஆழமாச் சீவினால் மேல ஒரு படை துணி கூடப் போடோணும். கடைசிப் பூச்சு ரெசினில மெழுகுக் கரைசல் கலவுங்கோ, இல்லாட்டி மேல்பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பருத்தித்துறை_அலை:
நன்றி அண்ணைமார். எப்பொக்சியே எடுக்கிறன். ஃபின் (வால் அடியில நிக்கிற செட்டை) பூட்டுற பெட்டி இங்க கிடைக்கேல்லை, பிளைவூட்டில வெட்டி ஒட்டலாமோ? பெரிய ஆக்களின்ர அளவுதான் கையில இருக்கு.

சீவுளி:
ஒட்டலாம். 6 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட், மூண்டு ஃபின். உயரம் 4 தொடக்கம் 4¼ இஞ்சி, அடி நீளமும் 4¼. பெரிய ஆளின்ர 4¾ உயரத்தைப் போட்டால் வால் பூட்டினது மாதிரி நிக்கும், அவவால உதைச்சுத் திருப்ப ஏலாது.

பின் ஃபினின்ர பின்முனை வாலிலையிருந்து 3½ இஞ்சி, முன் இரண்டும் 11 இஞ்சி, விளிம்பிலையிருந்து 1⅛ உள்ளுக்கு. முன் இரண்டின்ர முன்முனையும் பின்முனையைவிட ¼ இஞ்சி நடுவுக்குக் கிட்ட இருக்கோணும், 5 பாகை வெளிச்சரிவு. பின் ஃபின் நடுவில நிமிர்ந்து நேரா. அடியில வெட்டின துணிநாரை எப்பொக்சியில குழைச்சு உருண்டை விளிம்பா வழிச்சு, அதுக்கு மேல இரண்டு படை துணி. அந்த உருண்டை விளிம்பு இல்லாட்டி முதல் அடியிலையே கழரும்.

பருத்தித்துறைப் பக்கம் முருகைக்கல்லில பாவிக்கேக்கை ஃபின் முட்டி வெடிப்பு விட்டால் அண்டைக்கே கடலால ஏத்துங்கோ. ரிஜிபோம் தண்ணி குடிச்சால் காயக் கிழமைக்கணக்காகும். நல்ல தண்ணியில கழுவி, வெடிப்பைக் கீழ்ப்பக்கம் பார்க்க நிழலில நிமித்தி வைச்சு, முழுசாக் காஞ்ச பிறகுதான் ஒட்டலாம். லீஷ் (காலில கட்டுற கயிறு) கொளுவிற குவளையை நடுக்கட்டைக்குப் பக்கத்தில, இரண்டு படை துணி இருக்கிற இடத்தில இறக்குங்கோ. வெறும் நுரையில இறக்கினால் மாரி அலை ஒண்டு இழுத்தாலே பிடுங்குப்படும்.

ரெசின்_வாளி:
ஒட்டி முடிச்சு ஒரு கிழமை விட்டுத்தான் கடலுக்குக் கொண்டு போங்கோ, தம்பி. கையில ஒட்டாது எண்டதுக்காக உள்ளுக்கு இறுகிட்டுது எண்டில்லை. அதுக்கு முதல் முழங்கால் வைச்சு ஏறினால் மேல்தளம் அமுங்கும்.