முழங்கால் தண்ணீர்தானே என்கிறவர்களுக்கு

விகேபுரத்தான்: பள்ளிப் பிள்ளைகளின் ஆற்றங்கரை முகாமைப் பற்றி அம்பை வாத்தியார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "முழங்கால் தண்ணீர்தான், லைஃப் ஜாக்கெட் எதற்கு" என்கிறார். பாபநாசத்தில் தாமிரபரணி ஆற்றில் குளித்து வளர்ந்தவன் சொல்கிறேன், பாசிப் பாறையில் கால் வழுக்கினால் அந்த முழங்கால் தண்ணீரே பிள்ளையை உருட்டிக்கொண்டு போய் ஆழக் கசத்தில் தள்ளிவிடும்.

அம்பை வாத்தியார்: 22 வருடமாகக் கூட்டிப் போகிறேன், ஒருத்தனுக்கும் ஒரு கீறல் கிடையாது. முழங்கால் என்றால் முழங்கால்தான், கழுத்து இல்லை. உம்மைப் போல் பயமுறுத்துகிறவர்களால்தான் ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளைக்கே நீச்சல் தெரியவில்லை.

விகேபுரத்தான்: யாருடைய முழங்கால் சார்? உங்கள் முழங்கால் ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தொடை. ஓட்டம் இரண்டு மடங்கு வேகமானால் காலில் மோதும் விசை நான்கு மடங்கு. 2014-இல் இமாச்சலத்தில் லார்ஜி அணையைத் திறந்துவிட்டதில், பியாஸ் ஆற்றில் நின்ற ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் போனார்கள். நமக்கு மேலேயும் காரையாறு அணை இருக்கிறது.

கல்லிடை அக்கா: அது கிடக்கட்டும், பிள்ளைக்கு 1,800 ரூபாய் வாங்கினார்களே! மதியம் ஆறிப்போன புளியோதரை. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் கொஞ்சம் பஞ்சும் தலைவலித் தைலமும்தான்.

அம்பை வாத்தியார்: புளியோதரை நான் கிண்டவில்லை அக்கா. பியாஸ் எங்கே, நம் தாமிரபரணி எங்கே? நான் சொன்னது முழங்கால் தண்ணீர்.

தென்காசிக்காரன்: பியாஸ் வரை போக வேண்டாம். 2024 மே 17, பழைய குற்றாலம். மலையில் பெய்த மழையில் திடீர் வெள்ளம், 17 வயதுப் பையன் போய்விட்டான்.

அம்பை வாத்தியார்: அது அருவி, இது ஆறு. 2019-இலேயே தனி மாவட்டமாகப் போய்விட்டீர்கள், எங்கள் ஆற்றைப் பற்றி உங்களுக்கென்ன?

தென்காசிக்காரன்: மாவட்டம் பிரிந்தால் தண்ணீருமா பிரியும்? எங்கள் சிற்றாறு உங்கள் தாமிரபரணியில்தான் வந்து விழுகிறது.

விகேபுரத்தான்: சண்டையைத் திருப்பாதீர்கள் சார். இங்கிலாந்தில் 1993-இல் கடலில் துடுப்புப் படகு ஓட்டப் போன 4 மாணவர்கள் செத்த பிறகு, 1995-இல் பிள்ளைகளைச் சாகசப் பயிற்சிக்குக் கூட்டிப் போகும் மையங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். நான் கேட்பது கயிறு, லைஃப் ஜாக்கெட், கிளம்பும் முன் அணையில் ஒரு விசாரிப்பு. போன வருடம் மாஞ்சோலை மலைப் பயணத்தின்போதும் இதையே சொன்னேன், அன்றைக்கும் நீங்கள் காது கொடுக்கவில்லை.

அம்பை வாத்தியார்: மாஞ்சோலையை இன்னும் மறக்கவில்லையா? சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். அளவுகோலோடு வந்து பாரும், முழங்கால்தான் இருக்கும்.

விகேபுரத்தான்: வருகிறேன். ஆனால் உங்களை நிறுத்தி அளக்க மாட்டேன், வரிசையில் இருக்கிறதிலேயே குட்டையான பையனை நிறுத்தித்தான் அளப்பேன்.