ட்ரூயிடுகளைப் பற்றி சீசர் சொன்னதை எவ்வளவு நம்பலாம்?

செழியன்:
இங்கிலாந்தில் உள்ள ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைக் கட்டியது, பழங்காலக் கெல்டிய மக்களின் பூசாரிகளான ட்ரூயிடுகள் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அங்கே பெருங்கற்கள் நின்றது கி.மு. 2500 வாக்கில். ட்ரூயிடுகளைப் பற்றிக் கிடைக்கும் எழுத்துகளோ அதற்கு 2000 ஆண்டுகளுக்கும் பிந்தியவை. 17ஆம் நூற்றாண்டில் பழம்பொருள் ஆய்வாளர் ஜான் ஆப்ரி ஊகமாகச் சொன்னதை, 1740இல் வில்லியம் ஸ்டூக்லி முடிந்த முடிவாகவே எழுதிவிட்டார். அதை விடுங்கள். கௌல் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) பல ஆண்டுகள் இருந்த ஜூலியஸ் சீசர் சொல்வதை எடுத்துக்கொள்வோம்: 20 ஆண்டு வரை மனப்பாடக் கல்வி, வழக்குத் தீர்க்கும் அதிகாரம், நரபலி.

நிலா:
கல்வட்டம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சீசர் அந்த நாட்டைப் பிடிக்கப் போன தளபதி. மனிதர்களைப் பிரம்பு உருவத்துக்குள் அடைத்துக் கொளுத்தினார்கள் என்று அவர் எழுதினால், படையெடுப்புக்கு அதுவே நியாயமாகிவிடுகிறது. இன்னொன்றும் பாருங்கள். ஏடுயி இனத்துத் தலைவர் திவிகியாகஸ் சீசரின் நண்பர், சீசரின் நூலில் அடிக்கடி வருகிறார். அவர் ஒரு ட்ரூயிடு என்று நமக்குச் சொல்வது ரோம எழுத்தாளர் சிசரோதான். சீசர் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. அவர் நேரில் பழகியதாக நமக்குத் தெரிந்த ட்ரூயிடு அரசியல்வாதியாக இருக்க, நூலில் மட்டும் பலிபூசாரிகள் வருவது எப்படி?

செழியன்:
எதிரி எழுதினால் எல்லாம் பொய்யாகிவிடுமா? 1984இல் இங்கிலாந்தில் லிண்டோ சதுப்பில் கிடைத்த உடலைப் பாருங்கள். தலையில் அடி, கழுத்தில் சுருக்கு, குடலில் புல்லுருவி மகரந்தம். ட்ரூயிடுகள் ஓக் மரத்தில் புல்லுருவி அறுக்கும் சடங்கை ரோம எழுத்தாளர் பிளினியும் எழுதியிருக்கிறார்.

நிலா:
அந்த மகரந்தம் ஒருசில துகள்கள்தான். உணவோடோ தண்ணீரோடோ போயிருக்கலாம். அந்த மனிதர் எந்தக் காலத்தில் இறந்தார் என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. பிளினியை முதலில் படிக்காதவர் யாரும் அந்த உடலில் ட்ரூயிடைப் பார்த்திருக்க மாட்டார்.

மாறன்:
வேல்ஸ்காரர்களின் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யோலோ மோர்கானுக் என்ற வெல்ஷ் கவிஞர் 1792இல் லண்டனில் ஒரு சடங்கு நடத்தி, அது ட்ரூயிடு காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்றார். சடங்கும் ஆதாரமும் அவரே படைத்தவை. ஆனால் இன்றும் வெல்ஷ் மொழிக் கவிஞர்களுக்கு மரியாதை செய்வது அந்தச் சடங்கோடுதான். அதை வெறும் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

செழியன்:
சரி, லிண்டோ உடலை விட்டுவிடுகிறேன். 20 ஆண்டுக் கல்வியை விடமாட்டேன். மற்றக் காரியங்களுக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தியவர்கள், தங்கள் போதனையை மட்டும் எழுதக்கூடாது என்று வைத்திருந்தார்கள் என்கிறார் சீசர். அதை இட்டுக்கட்டி அவருக்கு என்ன லாபம்?